கெட்ட சுவையும் கெட்ட சொல்லும்

ஆங்கிலத்தில் ‘பேட் டேஸ்ட்’ என்றொரு தொடர் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘கெட்ட சுவை’ என்பதாம். அதனை அம்மொழியினர் இருவகையாக ஆள்வர். ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் மனத்தில் தங்கும் கசப்பைக் குறிக்க, ‘வாயில் கெட்ட சுவை எஞ்சியது’ என்பர். இழவு வீட்டில் பேசும் வேடிக்கையையும் பிறர் உடற்குறையைச் சுட்டும் கேலியையும் ‘கெட்ட சுவையுடையது’ என்பர். முன்னது கேட்டவர் உற்ற துன்பம். பின்னது சொன்னவர் மேல் சுமத்தும் குற்றம். நம் இளைஞர் சிலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவதைக் காண்கிறோம்.

பின்னதைத் தமிழில் ‘அநாகரிகம்’ எனலாம். ‘பண்பற்ற பேச்சு’ என்பது இன்னும் நெருங்கும். ஆயினும் நம் சொற்கள் பேசியவனது பண்பையே தொடுகின்றன. ஆங்கிலத் தொடரோ குற்றத்தை நாவளவில் நிறுத்திவிடுகிறது. உமக்குப் புளிப்பது எமக்கு இனிக்கும் என்று கூறித் தப்பிக்க அங்கு வழியுண்டு. அவ்வழி உண்மையில் திறந்திருக்கிறதா என்பதே நம் வினா.

டேவிட் ஹியூம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் வெளியிட்ட கட்டுரையில் ‘டான் குவிக்ஸோட்’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோலின் வாடை உண்டென்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டென்றார். சூழ இருந்தோர் நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய பழஞ்சாவி ஒன்று கிடந்தது. (உவமைக்கு மது வந்தமை நம் வாசகர்க்கு உவப்பாகாது, கருத்தை மட்டும் கொள்க.)

கேலியின் அடியிலும் ஒரு சாவி கிடக்கிறது. தேனி அல்லிநகரத்திற் பிறந்த பாரதிராஜா 1977இல் இயக்கிய ‘16 வயதினிலே’ திரைப்படத்தைப் பலரும் அறிவர். கால் ஊனமுற்ற எளியவன் ஒருவனை ஊரார் ‘சப்பாணி’ என்றே அழைக்கின்றனர். பரட்டை என்பவன் அவனை எள்ளி மகிழ்கிறான். கோபாலகிருஷ்ணன் என்னும் அவனது இயற்பெயரை மதிக்கும் மயில், சப்பாணி என்போரை அறையுமாறு சொல்லிக்கொடுக்கிறாள். அறைவதை யாம் ஏற்பதற்கில்லை. பெயரை மீட்டுத் தந்தமையை ஏற்கிறோம். படம் எள்ளலின் பக்கம் நிற்கவில்லை. எனினும் மக்கள் மனப்பாடம் செய்து ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சிரித்தது பரட்டையின் பேச்சைத்தான்!

ஏன் அது இனித்தது? தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலே முதலாவது. நம் ஆசாரியர் இன்னும் ஆழச் சென்றனர். தத்துவார்த்த சூத்திரம், அனர்த்த தண்ட விரதத்தின் அதிசாரங்களுள் கந்தர்ப்பத்தை முதலில் வைக்கிறது. ஆசை மிகுதியால் நகைப்புடன் கலந்து பேசும் பண்பற்ற பேச்சே அது எனப் பூஜ்யபாதர் உரை கூறுகிறது. அதனோடு உடற்சேட்டையும் சேரின் கௌத்குச்சியம். நொண்டி நடந்து காட்டிச் சிரிப்பூட்டுவது இரண்டாவதில் அடங்கும் என்றே கருதுகிறோம். ஹாஸ்யம் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் அதனைத் துறத்தலும் இடம்பெறுகிறது. ஆக, அடியிற் கிடக்கும் சாவி நாவைச் சேர்ந்ததன்று.

‘உள்ளதைத்தானே சொன்னோம்’ என்பார் உளர். கால் ஊனமானவரை ஊனமானவர் என்பது பொய்யன்று. ஆனால் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் சொல்லாமையே இல்லறத்தாரின் வாய்மை விரதம் என்கிறார்.

நகையே கூடாதா எனின், மழலையின் பேச்சுக்குச் சிரிப்பதை எவரும் தடுப்பதற்கில்லை. தன்னையே நகையாடிக்கொள்வார் பிறரை நோகச் செய்வதில்லை. நம் கவலை வேறு. ஒரே பெயருடையார் பலர் உள்ள ஊர்களில், அடையாளத்திற்கென ஒருவரின் உடற்குறையைப் பெயருக்கு முன் சேர்த்து அழைக்கும் வழக்கம் உண்டு. கேலி என்ற நினைவே எவர்க்கும் எழுவதில்லை. அவர் மறைந்தபின் அப்பெயர் அவர் வீட்டுக்கு ஆகிறது. பேரன் பேத்தியரும் அப்பெயராலேயே அறியப்படுகின்றனர்.