பசியில் கடிப்பதும் பாசத்தில் கடிப்பதும்

லார்ஜ்மவுத் பாஸ் தூண்டிலைக் கடிப்பது பசியால்தான் என்று நம்பித்தான் எல்லோரும் மீன்பிடிக்க வருகிறோம். ஒரே ஏரியை எல்லாப் பருவத்திலும் சுற்றி வந்தால் அந்த நம்பிக்கை நிற்காது. பசியில் கடிக்கும், சரி. வயிறு நிறைந்திருக்கும்போதும், முகத்துக்கு நேரே எதுவோ விருட்டென்று கடந்தால் யோசிக்காமல் பாய்ந்து கவ்வும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும், தன் குஞ்சுகளைக் காப்பதற்காகக் கடிக்கும். மூன்று கடியும் ராடின் நுனியை ஒரே மாதிரிதான் வளைக்கின்றன. ஆனால் மூன்றாவது கடிக்கு எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி கரைக்கு வந்த பிறகும் என்னை விடுவதில்லை. ஓர் உயிரைப் பற்றி நமக்குத் தெரிந்ததையெல்லாம் அதன் மேலேயே பயன்படுத்திக்கொள்ளலாமா?

நான் போகும் ஏரி, தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,050 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் பிக் பேர். இது மனிதர் கட்டிய ஏரி. அடிவாரத்து ரெட்லாண்ட்ஸ் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பாசன நீர் வேண்டும் என்பதற்காக 1884-ல் கருங்கல் அணை ஒன்றை எழுப்பி, இந்தப் பள்ளத்தாக்கில் பனி உருகி ஓடிய தண்ணீரை நிறுத்தினார்கள். 1912-ல் அதைவிட உயரமான அணை வந்தது. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பழைய அணையின் தலை வெளியே தெரியும். ஏரி ஏறக்குறைய ஏழு மைல் நீளம். மேற்கே அணைப் பக்கம் 70 அடி ஆழம், கிழக்கே ஸ்டான்ஃபீல்ட் சதுப்புப் பக்கம் போனால் இடுப்பளவுத் தண்ணீர். பாஸும் இந்த ஊர் மீன் இல்லை. கிழக்கு அமெரிக்காவின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்ததை ராக்கி மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டவர்கள் நம்மைப் போன்ற தூண்டில்காரர்கள்தான்.

மலை ஏரியில் எல்லாம் தாமதம். சமவெளிக் குளங்களில் பாஸ் மார்ச், ஏப்ரலிலேயே முட்டையிட்டு முடிக்கும்போது இங்கே ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி கரைந்தும் கரையாமலும் இருக்கும். அதனால் தேதியை நம்பிப் பயனில்லை, தண்ணீரின் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும் என்று பள்ளியில் படித்தது இங்கே கண்ணால் காணக்கூடிய உண்மை. மேலே பனிக்கட்டி மிதக்க, அதைவிடக் கொஞ்சம் சூடான தண்ணீர் அடியில் தங்குகிறது. மீனும் அங்கேயே தங்குகிறது. உடம்பின் சூடு தண்ணீரின் சூடுதான் என்பதால், குளிர்காலத்தில் தின்ற ஒரு சிறு மீன் செரிக்கவே அதற்கு நாட்கள் ஆகும். படகுகளை இறக்க விடும் ஏப்ரல் தொடக்கத்தில், வெயில் விழும் வடகரைக் குடாக்களின் வாசலில், தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில் அது நிற்கும். ஈயத் தலை வைத்த ஜிக்கைத் தரையோடு இழுத்து, நிறுத்தி, மறுபடியும் இழுக்க வேண்டும். கடி என்றும் சொல்ல முடியாது. நரம்பு கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். இந்த மீன்பிடிப்பில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

மே கடைசியில் தண்ணீர் 15, 16 டிகிரியைத் தொடும்போது காட்சி மாறுகிறது. பெரிய பாறைகள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் போல்டர் பே, ஃபான்ஸ்கின் ஊரை ஒட்டிய க்ரௌட் பே போன்ற இடங்களில், முழங்கால் ஆழத்திலிருந்து ஆளுயரம் வரை, ஆண் மீன்கள் வாலால் வண்டலைத் தள்ளிக் கீழே இருக்கும் சரளையைத் தெரியவைக்கின்றன. பழுப்புத் தரையில் வட்டமாக, வெளிறிய ஒரு தட்டு. பெண் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு எல்லாம் தகப்பன் பொறுப்பு.

அந்தத் தகப்பனைப் படகிலிருந்து கிட்டத்தில் பார்க்கலாம். அசையாமல் நிற்பதாகத்தான் முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் மார்புத் துடுப்புகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், முட்டைகள் மேல் புதிய தண்ணீர் ஓட வேண்டுமே. சரளையில் உரசி உரசி வாலின் கீழ் ஓரம் தேய்ந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். முட்டை பொரிய இரண்டிலிருந்து ஐந்து நாள். குஞ்சுகள் கூட்டை விட்டு எழும்ப மேலும் ஒரு வாரம். எழும்பிய கரும்புள்ளிக் கூட்டத்தோடு கூடவே நீந்திக் காவல் இருப்பது இன்னும் சில வாரம். இத்தனை நாளும் அது சரியாகச் சாப்பிடுவதில்லை.

இப்போது ஒருவர் ரப்பர் பல்லி ஒன்றைக் கூட்டின் நடுவில் போடுகிறார். மீன் அதை விழுங்குவதில்லை. கிட்டே வந்து பார்க்கும், விலகும், திரும்பி வரும், கடைசியில் உதட்டு நுனியில் பிடித்துத் தூக்கிக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பும். வீட்டுக்குள் வந்த பூச்சியை எடுத்து வெளியே விடுவது போன்ற செயல் அது. தூண்டில்காரர் காத்திருப்பது அது தூக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான். ஆண்டின் மிகப் பெரிய மீன்கள் பல இப்படித்தான் பிடிபடுகின்றன. இதற்கென்றே தனி உத்திகள், லூர் எனப்படும் போலி இரைகளில் தனி வகைகள், தனிக் கறுப்புக் கண்ணாடிகள் இருக்கின்றன. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கொப்பளிக்கும் இடத்தில் தவளைக் குஞ்சைக் கோத்துப் போட்டுத் தாய் விராலை எடுப்பவர்களை நம் கண்மாய்க் கரையிலும் பார்க்கலாம். அடியில் காவல் இருக்கிறது, அது பாய்ந்தே தீரும் என்ற கணக்கு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

என்னோடு வழக்கமாகப் படகில் வரும் கோயம்புத்தூர்க்கார நண்பர் இதை ஒத்துக்கொள்வதில்லை.

“திருப்பித்தான் விட்டுடறோமுங்களே, அப்புறம் என்னங்க?” என்பார். “நாம பிடிக்காட்டி அடுத்த படகுக்காரன் பிடிக்கப் போறானுங்க.”

இரண்டும் லேசாக ஒதுக்கிவிடக்கூடிய வாதங்கள் இல்லை. அவர் ஈரக் கையோடு, தாடையைப் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் முள்ளைக் கழற்றி விடுபவர். அவர் விட்ட மீன்கள் நன்றாகவே நீந்திப் போகின்றன. ஆனால் தகப்பன் அந்தப் பக்கம் போன சில நிமிடங்களே புளூகில் போன்ற சிறு மீன்களுக்குப் போதும். கூட்டைச் சுற்றிச் சற்றுத் தள்ளி அவை எப்போதும் காத்திருக்கின்றன. திரும்பி வந்த தகப்பன், மிச்சம் குறைவாக இருந்தால் கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. நாம் திருப்பி விட்டது மீனை மட்டும்தான்.

இதைவிட என்னைத் தைத்தது இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் நடந்த ஆராய்ச்சி. டேவிட் ஃபிலிப்பும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளாக, எளிதில் தூண்டிலில் சிக்கும் பாஸ்களைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். தூண்டிலில் சிக்கும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்று 2009-ல் வெளியிட்டார்கள். 2012-ல் வந்த அடுத்த ஆய்வு, எளிதில் சிக்கும் வகை ஆண்கள்தான் கூட்டை அதிக மூர்க்கமாகக் காப்பவை, தூண்டில் இல்லாத தண்ணீரில் அதிகக் குஞ்சுகளை வளர்த்தெடுப்பவை என்று காட்டியது. அதாவது நல்ல தகப்பன்தான் முதலில் கைக்கு வருகிறது. அக்கறை குறைந்தது ஒதுங்கிக்கொண்டு தப்பிக்கிறது. ஓர் ஏரியில் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் குணம் அங்கே மிஞ்சும் என்பதை யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே ஏரியின் வடகரையில், உயரமான ஒரு ஜெஃப்ரி பைன் மர உச்சியில், வெண்தலைக் கழுகு ஜோடி ஒன்று கூடு வைத்திருக்கிறது. ஜாக்கி, ஷேடோ என்ற பெயர்களை அமெரிக்கா முழுவதும் அறிந்திருக்கிறார்கள். கூட்டின் மேல் வைத்த கேமரா வழியே உலகமே பார்க்கிறது. கொட்டும் பனியில் இரண்டும் மாறி மாறி அடைகாப்பதைப் பார்த்து மக்கள் உருகுகிறார்கள். 2024-ல் மூன்று முட்டைகளும் பொரியாமல் போனபோது எத்தனையோ பேர் அழுதார்கள். அடைகாக்கும் காலத்தில் அந்தக் கூட்டைச் சுற்றிய காட்டுப் பகுதியை வனத்துறை மூடிவிடுகிறது, ஆள் நடமாடக்கூடாது. நல்ல காரியம். அந்தக் கரையின் நிழலில், தண்ணீருக்குள் இன்னொரு பெற்றோர் நின்றுகொண்டிருக்கிறது. அதற்குக் கேமராவும் இல்லை, வேலியும் இல்லை. கலிஃபோர்னியா ஏரிகளில் பொதுவாக ஆண்டு முழுவதும் பாஸ் பிடிக்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதிவரை பருவத்தை மூடியே வைத்திருக்கிறார்கள், கூட்டுக் காவல் முடியட்டும் என்று. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. பாஸ் இங்கே வந்தேறி மீன், அதற்கு இத்தனை பரிவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டுவந்து விட்டவர்கள் நாம்தானே, பரிவும் நம்மிடமிருந்துதானே வர வேண்டும்.

மனிதரிடமும் இதே கூட்டைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள். “உங்க பையன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான், உடனே பணம் அனுப்புங்க” என்று ஊரில் பெரியவர்களுக்கு வரும் மோசடி அழைப்பை யோசித்துப் பாருங்கள். பேராசைக்காரரைப் பிடிக்க லாட்டரி என்கிறார்கள். பாசக்காரரைப் பிடிக்கப் பிள்ளை பெயரைச் சொல்கிறார்கள். லாட்டரிப் பேச்சைக் கேட்டதும் போனை வைத்துவிடும் நிதானமான ஆளும் பிள்ளை பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிடுகிறார். அங்கே ஏமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. மறுக்க முடியாத ஓர் இடத்தில் அவரைத் தொட்டிருக்கிறார்கள்.

மறுக்க முடியுமா என்பதுதான் எனக்கு அளவுகோலாகிவிட்டது. இதைத் தெளிவாக்கியது ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் தென்கரை முழுக்க வரிசையாக நிற்கும் வீட்டுப் படகுத்துறைகளின் நிழலிலும், நீர்ச்செடிகள் அடர்ந்து சட்டென்று முடியும் ஓரத்திலும் பாஸ் பதுங்கியிருக்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்கும் இடம்தான் ஒளிந்து பாயும் மீனுக்கு வசதி. கண்ணுக்கு இமை இல்லாத பிராணிக்கு உச்சி வெயிலில் நிழல் வேறு தேவை. விடியற்காலையில் செடிகளின் மேல் ரப்பர் தவளையை இழுத்தால் தண்ணீர் வெடித்துத் திறக்கும். பத்து மணிக்கு மேல் துறைகளுக்கு அடியில், பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் சாண் இடைவெளியில் புழுவைச் சறுக்கி அனுப்ப வேண்டும். பிற்பகலில் மலைக்காற்று எழும்பிவிட்டால் சிறு படகில் நிற்பதே சிரமம். இத்தனைக்கும் பிறகு பாதி மீன்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வேண்டாம் என்று சொல்ல அவற்றால் முடிகிறது. அந்தத் திரும்பிப் போதல் இருக்கும்வரை எனக்கும் மீனுக்கும் நடுவே இருப்பது ஒரு நேர்மையான போட்டி என்று என்னால் சொல்ல முடிகிறது. கூட்டில் நிற்கும் தகப்பன் திரும்பிப் போனால் குஞ்சுகள் போய்விடும்.

நண்பர் இப்போது படகில் நேரலை சோனார் மாட்டியிருக்கிறார். முன்னால் நூறடி தூரத்தில் நிற்கும் மீனும், அதை நோக்கி இறங்கும் லூரும், மீன் தலை திருப்புவதும் திரையில் அப்படியே தெரியும். மீன்பிடிப் போட்டிகளில் இதை அனுமதிக்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய சண்டையே நடக்கிறது. அந்தத் திரை எனக்குப் பிடிப்பதில்லை. ஏரியைப் பார்க்க வந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் என்று படுகிறது. ஆனால் அது அநியாயம் என்று என்னால் வாதாட முடியவில்லை. திரையில் தெரிந்துவிட்ட மீனும் லூரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது, அடிக்கடி. நண்பர் கத்துகிறார். என் பிடிவாதம் முழுக்க வெறும் கண்ணுக்குத் தெரியும் முழங்கால் ஆழத்துக் கூட்டைப் பற்றியது. கருவி எதுவும் தேவைப்படாத இடத்தில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் முடிவில் இரவுகள் குளிர்ந்ததும் மேல் தண்ணீர் கனத்து இறங்கி, ஏரி தலைகீழாகக் கலங்கும். செடிகள் மக்கத் தொடங்கும். குளிர்காலம் வருவதற்குள் கொழுப்பைச் சேர்த்துவிட வேண்டும் என்று பாஸ்கள் சிறு மீன் கூட்டங்களைப் பாறை முனைகளுக்கு விரட்டிக்கொண்டு போகும். வேகமாக இழுக்கும் கிராங்க்பெய்ட் லூரைப் பாறையில் முட்டவைத்துத் திருப்பினால் போதும். இந்தக் கடிக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை, வயிற்றைப் பார்த்தாலே தெரியும். ஆண்டு முழுவதும் நான் எதிர்பார்ப்பது இந்த அக்டோபர் வாரங்களைத்தான்.

ஜூனில் நாங்கள் அணைப் பக்கம் ஆழத்துக்குப் போய் ரெயின்போ டிரவுட்டுக்கு லூரை இழுக்கிறோம். டிரவுட் பாஸ் அளவுக்குச் சண்டை போடுவதில்லை என்று நண்பர் முணுமுணுப்பார். போகும் வழியில் க்ரௌட் பே பக்கம் வந்தால், மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டு கூடுகளைப் பார்ப்போம். கறுப்புக் கண்ணாடியை முதலில் மாட்டுபவர் அவர்தான். போன முறை, குஞ்சுகள் எழும்பிவிட்ட ஒரு கூட்டை எனக்கு முன்னால் கண்டுபிடித்து, “அங்க பாருங்க, அப்பன்காரன் இன்னும் நிக்கறானுங்க” என்று கை காட்டினார். ராடு இரண்டும் படகின் தரையில் கிடந்தன. அடுத்த ஜூனிலும் அவர் கேட்பார், அடுத்த படகுக்காரன் பிடிப்பானே என்று. அந்தக் கேள்விக்கு அவருக்குத் திருப்தி தரும் பதில் இன்னும் என்னிடம் இல்லை.