கேட்பது இரப்பதாகுமா?

இரத்தல் இழிவு என்னும் உணர்வு தமிழர் மனத்தில் ஆழ வேரூன்றியது. வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'இரவச்சம்' என்று மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். பிறர்முன் கையேந்தக் கூசுகிறவனை மானமுள்ளவன் என்று போற்றுகிறோம், அதில் பிழையில்லை. ஆனால் தனக்கு உரியதைக் கேட்பதையும் இரத்தலோடு சேர்த்து எண்ணிவிடுகிறோமே, அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளியான கல்லூரி மாணவர் ஒருவர், தேர்வில் கூடுதல் நேரமோ, பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளோ, தாம் சொல்வதை எழுத ஓர் உதவியாளரோ வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார். அவர் இரக்கிறாரா?

என் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருவர் வரலாற்றில் இளங்கலை பயின்றுவந்தார். பார்வை அறவே இல்லாதவர் அல்லர். குறைந்த பார்வை உடையவர். கண்ணாடி அணிந்தும், தாளை முகத்தருகே பிடித்துத்தான் அவரால் படிக்க முடியும். மூன்று மணி நேரத் தேர்வில் வினாக்களைப் படிக்கவும் எழுதியதைச் சரிபார்க்கவுமே பெரும்பொழுது கழிந்துவிடும். விடை நன்றாகத் தெரிந்த வினாக்களையும் எழுதாமலே எழுந்து வருவார். கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உதவி கேட்டு அவர் வந்தபோது, உடன் வந்த தாய் தடுத்தார். "வேண்டாம் சாமி. எழுத்துல போட்டுட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா?"

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தம் ஊரை அறிந்தே பேசினார். மகளோ விண்ணப்பித்தார். கல்லூரி அலுவலகத்தில், "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று கேட்டு, பலர் முன்னிலையில் ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களாம். அரசு மருத்துவர் தந்த சான்றிதழ் மேசைமேல் கிடந்தது. கூடுதல் நேரம் கிடைத்தது, ஒரு பருவத் தேர்வு கழிந்த பின்பு. பெரிய எழுத்து வினாத்தாள் கடைசிவரை வரவேயில்லை.

நாட்டின் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றது. ஒருவரது நிலைக்கேற்ற நியாயமான வசதிகளை மறுப்பதே பாகுபாடு காட்டுவதாகும் என்று அது வரையறுக்கிறது. கூடுதல் நேரத்தையும் எழுத்து உதவியாளரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடுவண் அரசின் நெறிமுறைப்படி ஒரு மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரவேண்டும். குடிமைப் பணித் தேர்வெழுத வந்த ஒருவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய். 40 விழுக்காடு குறைபாடு இல்லை என்று அவருக்கு எழுத்து உதவியாளர் மறுக்கப்பட்டபோது, அம்மறுப்பு செல்லாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் தெளிவாக இருந்தும் கேட்பவர் கூசுவதும் கொடுப்பவர் வள்ளலாவதும் ஏன்? நீதியை நாம் தருமமாக மாற்றிவிட்டோம். அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதியே நீதி என்று புனித தோமா அக்குவினா விளக்குகிறார். உரியதைக் கொடுப்பவர் நன்றியை எதிர்பார்க்க இடமில்லை. நீதியின்படி தரவேண்டியதை அன்பின் கொடைபோலக் காட்டலாகாது என்று, பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றி 1965இல் வெளியிட்ட ஏட்டின் எட்டாம் எண்ணில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்திருக்கிறது. அது பொதுநிலையினராகிய உங்களுக்கென்றே எழுதப்பட்ட ஏடு. ஏனோ அந்தப் பத்தி நம் மறையுரைகளில் அதிகம் ஒலிப்பதில்லை.

"மற்ற மாணவர்க்கு இது அநீதியல்லவா?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான். வரலாற்றுத் தேர்வு எதை அளக்கிறது? வரலாற்று அறிவையா, விழித்திரையின் வலிமையையா? அறிவையே அளப்பதாயின், கண் குறுக்கிடும் அளவுக்கு அந்த அளவுகோலே கோணலாகிவிடுகிறது. கூடுதல் நேரம் அந்தக் கோணலை நிமிர்த்துகிறது. வேகத்தையே சோதிக்கும் தட்டச்சுத் தேர்வு போன்றவற்றில் இவ்வாதம் இவ்வளவு எளிதாக ஓடாது என்பதை ஒப்புகிறேன். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை இங்கே கொண்டுவருவோரும் உளர். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அங்கே உரிமையாளர் உரியதற்கு மேலாக வழங்கினார். இங்கே உரியதே இன்னும் போய்ச் சேரவில்லை. போலிச் சான்றிதழ்கள் உலவுகின்றன என்பதும் உண்மையே. ஆனால் ஏமாற்றியவரின் குற்றத்துக்காக, மெய்யாகவே தேவையுள்ள மாணவரைக் கூண்டிலேற்றுவது எந்த அறநூலுக்கும் ஒவ்வாது.

திருநூலைத் திறந்தால், தாம் திக்குவாயர் என்று மோசே கடவுளிடமே முறையிடுவதைக் காண்கிறோம். கடவுள் அவரைப் பணியிலிருந்து விடுவிக்கவும் இல்லை. நாவைக் குணமாக்கியதாகவும் விடுதலைப் பயண நூல் கூறவில்லை. அவருக்காகப் பேச ஆரோனைத் தந்தார். அழைத்தவர் அழைப்பை மாற்றாமல் ஏற்பாட்டை மாற்றினார். உரோமையர் திருமுகத்தின் இறுதியில், அதை எழுதிய தெர்த்தியு தம் பெயரால் வாழ்த்துக் கூறுகிறார். பவுல் ஏன் இன்னொருவரைக் கொண்டு எழுதினார் என்ற ஆய்வு இங்கு வேண்டியதில்லை. எழுதியது தெர்த்தியுவின் கை என்பதால் அத்திருமுகம் பவுலுடையதன்று என எவரும் சொன்னதில்லை.

திருச்சபையும் இதைப் படிப்படியாகவே கற்றது. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, பலிபீடப் பணியைத் தகுந்தவாறு ஆற்ற இயலாத உடற்குறையுடையோரைக் குருப்பட்டத்திலிருந்து விலக்கியது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அவ்விதி இல்லை. மாறாக, நிற்க இயலாத குரு அமர்ந்தும், பார்வையற்ற குரு பிறர் உதவியுடன் அங்கீகரிக்கப்பட்ட எந்தத் திருப்பலிப் பாடத்தைக் கொண்டும் நிறைவேற்றலாம் என்று 930ஆம் எண் இடமளிக்கிறது. அவர் ஒப்புக்கொடுக்கும் பலி குறைவான பலியா?

இனி மாணவர் பக்கம் வருவோம். தன் உடலைப் பற்றிய உண்மையை உரிய இடத்தில் கூறுவது தாழ்ச்சியே. தாழ்ச்சி உண்மையில் நடப்பது என்பதே புனித அவிலா தெரேசாவின் போதனை. ஆயினும் அவ்வுண்மையை எவ்வளவு, யாரிடம் திறப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது. தேர்வு அலுவலருக்குத் தெரியவேண்டியது வகுப்பறைக்குத் தெரியவேண்டியதில்லை. அந்தத் தாயின் அச்சத்துக்கு அப்போது என்னால் கொடுக்க முடிந்த மறுமொழியும் இதுவே. விண்ணப்பத்தைப் பெறுவோர் வாய்காத்தால் அம்மறுமொழி நிற்கும். இல்லையேல் வெறும் சொல்லாகப் போகும்.

எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு குரலெழுப்பியபோது கூட்டம் அவரை அதட்டியது. ஆண்டவரோ அவரை அழைத்துவரச் செய்து, தாம் என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே கேட்டார். கண் தெரியாதவர் என்பது யாருக்கும் வெளிப்படை, இருந்தும் கேட்டார். நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் சேர்க்கைப் படிவங்களில் தந்தையின் தொழிலைக் கேட்கிறோம், இரத்த வகையைக் கேட்கிறோம், எந்தப் பங்கு என்றும் கேட்கிறோம். கற்கவும் தேர்வெழுதவும் உங்களுக்கு ஏதேனும் ஏற்பாடு தேவையா என்று அதே தாளில் ஒரு வரி சேர்க்கலாம். எழுதியதை யார் பார்ப்பார்கள் என்றும் கீழே குறிப்பிடலாம். அடுத்த சேர்க்கைக்கான படிவம் அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்துவிட முடியும்.