அடித்தலும் அழித்தலும்

வங்கி வேலையில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிய தொகையை அழிக்கக் கூடாது. லெட்ஜர் காலத்தில் அதன் குறுக்கே கோடு போட்டு, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய தொகை படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது முக்கியம். கம்ப்யூட்டர் வந்தும் விதி மாறவில்லை. தவறான பற்றுக்கு எதிராக ஒரு வரவு வைக்கிறோம். இரண்டும் கணக்கில் நிற்கின்றன. அடிக்கலாம், அழிக்கக் கூடாது. இது குமாஸ்தாக்களின் ஒழுக்கம், கலைக்கு இதனோடு சம்பந்தமில்லை என்றுதான் சென்ற வருஷம்வரை நினைத்திருந்தேன்.

சென்ற வருஷம் ஒரு நண்பரின் ஒலிப்பதிவுக்குத் துணையாகப் போனேன். நண்பர் பாடகர். இருபது வருஷமாகக் கச்சேரி செய்கிறவர். ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அறையின் குளிரில் மிருதங்கத்தின் சுருதி நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் மிருதங்கக்காரர் தட்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஹெட்ஃபோனில் தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டதால் நண்பர் ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு பாடினார். வயலின்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேறு அறையில். தலையாட்ட எதிரே ஒருவருமில்லை. வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

கல்யாணி ஆலாபனையில் மேல்ஸ்தாயி காந்தாரத்தைத் தொட்டபோது குரல் பிசிறியது. அவர் நிறுத்தவில்லை, இறங்கிவந்து முடித்தார். ஒலிப்பதிவாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "சார், முதல் டேக்ல இதே இடத்தைச் சுத்தமாப் பிடிச்சிருக்கீங்க. அதை எடுத்து இங்க வெச்சிடறேன். யாருக்கும் தெரியாது" என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். இரவு எட்டு மணி ஆகியிருந்தது. "வைக்கட்டுமே" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. நம்மில் யார் கவிதையின் முதல் பிரதியை அச்சுக்குக் கொடுக்கிறோம்? இருபது தடவை அடித்துத் திருத்தி எழுதியதை ஒரே மூச்சில் வந்ததுபோல் வெளியிடுகிறோம். அதை யாரும் பொய் என்பதில்லை. பாடகனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை கிடையாது?

இந்தக் கேள்வியை நம் காலத்தில் முழுதாக எதிர்கொண்டவர் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட். 1964-ல் மேடையை விட்டவர் 1982-ல் சாகும்வரை ஸ்டுடியோவுக்கு மட்டுமே வாசித்தார். பாஹின் ஃப்யூக் ஒன்றை ஆறாவது, எட்டாவது டேக்குகளை ஒட்டி உண்டாக்கியதைப் பற்றி 1966-ல் ஒரு கட்டுரையில் விவரிக்கிறார். இரண்டு டேக்கிலும் சுரப்பிழை கிடையாது. ஒன்று மிக இறுக்கம், மற்றது மிகக் குதூகலம். இரண்டையும் சேர்த்ததில், கையால் வாசித்தபோது கிட்டாத மூன்றாவது ஒன்று கிட்டியது. கத்தரிக்கோலும் அவருக்கு ஒரு வாத்தியம். ஒட்டியதை அவரே ஊருக்குச் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மறுகோடியில் 1952-ல் லண்டனில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய வாக்னரின் 'ட்ரிஸ்டான்' பதிவு. நாயகியாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் ஐம்பதைத் தாண்டியவர். உச்சத்திலிருந்த சில சுரங்களை அவருக்குப் பதிலாக எலிஸபெத் ஷ்வார்ஸ்காஃப் பாடிக்கொடுத்தார். ரகசியம் பிறகு வெளியே வந்தது. பதிவு இன்றும் மகத்தானதாகவே மதிக்கப்படுகிறது. 1997-ல் ஆட்டோ-ட்யூன் வந்தபின் இரவல் குரல்கூட வேண்டாம். பாடியவரின் குரலையே பாடாத சுரத்துக்கு நகர்த்திவிடலாம்.

ஒட்டுவது தவறா என்று கேட்பது வீண் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வடிவம் கேட்பவனுக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று கேட்க வேண்டும். கவிதை, தான் ஒரே உட்காரலில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. கீர்த்தனை ஏற்கெனவே ஒருவர் கட்டிவைத்தது. அதில் ஒரு சரணத்தைத் திரும்பப் பாடிச் சேர்ப்பது ஓடு மாற்றுவதைப் போலத்தான். ஆலாபனை அப்படியில்லை. இது இப்போது, என் கண்ணெதிரே, எங்கே போகும் என்று தெரியாமல் உண்டாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் வாக்கு. அதன் நடுவில் வேறொரு பொழுதைக் கொண்டுவந்து வைத்தால் வாக்கு போய்விடுகிறது, சுரம் சுத்தமாக இருந்தாலும்.

ஆகவே ஸ்டுடியோவுக்குப் போகும் பாடகர் பாட்டைத் தயார்செய்வதோடு வேறு சிலவற்றையும் வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. எதை ஒட்டலாம், எதை முழுக்கத் திரும்பப் பாட வேண்டும், எத்தனை டேக்கோடு நிறுத்துவது, கடைசி வார்த்தை யாருடையது. பக்கவாத்தியக்காரர்களுக்கும் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். களைப்பும் வாடகையும் சேர்ந்த எட்டு மணிக்கு இவற்றை யோசிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் நண்பனும் அந்த நேரத்தில் உதவ மாட்டான்.

பதிவு வந்தபின் கேட்டேன். காந்தாரம் பளிச்சென்று விழுகிறது. அடுத்து வயலின் அதே காந்தாரத்தைப் பிடிக்கிறது. பிடித்து, தேவைக்கு மேல் நிறுத்துகிறது. பிறகு மெதுவாக, கைபிடித்துக் கூட்டிவருவதுபோல் இறங்குகிறது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் அன்று கேட்டது ஞாபகம் வந்தது. குரல் பிசிறியதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்ட வயலின்காரர், நண்பர் எட்ட முயன்ற இடத்தை அவருக்காகத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அன்று மாலை நடந்த சங்கீதம் அதுதான். குரலை மட்டும் மாற்றினோம். வயலின் அப்படியே இருக்கிறது, இல்லாத ஒரு பிழையை ஆற்றிக்கொண்டு.

பதிவைக் கேட்ட ரசிகர் ஒருவர் என்னிடம், "எல்லாம் பிரமாதம். அந்த இடத்தில் வயலின்தான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்" என்றார்.

பிழை நண்பருடையது; அதை அழிக்க அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்துத்தான் நான் வாய் திறந்தேன். அந்தப் பிழைக்கு எதிரே இன்னொருவர் வரவு வைத்திருந்தார் என்பதை, தினமும் கணக்கு எழுதுகிற நான் பார்க்கவில்லை. ரசிகரிடமும் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.