என் சொந்தக் காரணங்களுக்காக

குற்றாலத்தில் சீசன் தொடங்கும் நாட்களும் ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு நடக்கும் நாட்களும் பெரும்பாலும் ஒட்டியே வரும். மே கடைசியில் தென்காசியில் காற்று மாறும். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தருவியில் தண்ணீர் விழுந்துவிட்டதா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் காலிப்பணியிடப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

2015இல் எனக்கு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. பக்கத்தில் இடம் இல்லை. மகளுக்கு ஆறு வயது. கணவருக்குத் தென்காசியில் கடை. அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் துறையில் இதற்கு 'உரிமைவிடல்' என்று பெயர். காரணம் எழுத வேண்டிய இடத்தில், எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதினேன்: 'என் சொந்தக் காரணங்களுக்காக.'

அந்த மூன்று சொற்கள் உண்மையா என்று பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு வீட்டில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கணவர் "உன் இஷ்டம்" என்றார். மனதறிந்துதான் சொன்னார், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த 'உன் இஷ்டம்' என்பதற்குள், மகளுக்குத் தலைசீவி விடுவது யார், பள்ளி வேன் வராத அன்று கூட்டிக்கொண்டு போவது யார், காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்திருப்பது யார் என்ற கேள்விகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு விடை கண்டுபிடித்தால் நான் போகலாம். கண்டுபிடிக்க வேண்டியவளும் நான்தான். 'நாம் எப்படிச் சமாளிப்பது' என்று யாராவது கேட்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் முடிவாக இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் அது என் சுதந்திரமான முடிவா? வறுமையிலும் ஒடுக்குமுறையிலும் நெடுநாள் இருப்பவர்கள், கிடைக்கக்கூடியதின் அளவுக்குத் தங்கள் ஆசைகளையே குறுக்கிக்கொள்கிறார்கள் என்று அமர்த்தியா சென்னும் மார்த்தா நுஸ்பாமும் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரு பெண் திருப்தியாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்பது போதாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் ஒரு பகுதி பொருந்துகிறது, ஒரு பகுதி பொருந்தவில்லை. நான் ஏமாந்து போய் எழுதவில்லை. என்ன இழக்கிறேன் என்று தெரிந்தே எழுதினேன். என் மகளோடு இருக்க நான் விரும்பியதும் பொய்யில்லை. ஆகவே முடிவு என்னுடையதுதான். அந்த முடிவை எடுக்க வைத்த நிபந்தனைகள்தான் என்னுடையவை அல்ல. 'சொந்த' என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஒரு விதத்தில் பெண்களுக்கு இடமாறுதல் புதிதல்ல. 2020-21இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இடம்பெயர்ந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் திருமணத்துக்காக இடம்பெயர்ந்தவர்கள். வேலைக்காகப் பெயர்ந்த பெண்கள் மிகச் சிலரே. கலந்தாய்வு, சேரும் கால அவகாசம், பயணப்படி எதுவும் இல்லாத மாறுதல் அது. பிறந்த ஊரைவிட்டு வந்த மருமகள் முதல் மாதம் அழுதால் 'போகப் போகச் சரியாயிரும்' என்போம். ஒரு பெண் கணவன் பின்னால் ஊர் மாறுவது நம் கண்ணுக்கு மாறுதலாகவே தெரிவதில்லை. அவள் தன் வேலைக்காக ஊர் மாறும்போதுதான் ஏதோ முறிந்துவிட்டதுபோல் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம்.

2018இல் மறுபடியும் பதவி உயர்வு வந்தது. இம்முறை போனேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப்பள்ளி. ஞாயிறு மாலை தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் விழுப்புரம். அங்கிருந்து இரண்டு பஸ். ஊருக்கு வருவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

ஆணையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் மாறுதல் ஆனவர்கள் இன்னும் இருவர். ஆலங்குளம் பக்கத்தில் தனியாக இருந்த என் அம்மா, தன் பசுவை விற்றுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "நான் பாத்துக்கிடுதேன், நீ போளா" என்றார். பசுவை விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்பதை அண்ணன் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். இன்னொருவர் பக்கத்து வீட்டு அக்கா. தென்காசி வட்டாரத்தில் எத்தனையோ பெண்களைப் போல மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும். என் மகள் பள்ளி விட்டு வந்ததும் அவர் கை நிற்கும். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். சேலை கூலியாகாது என்று எனக்குத் தெரியும். மூன்று பெண்கள் சுமந்த மாறுதலில் சம்பளம் ஒருத்திக்குத்தான் வந்தது. 'வேலைக்குப் போகும் பெண்ணின் விடுதலை' என்று நான் மேடையில் பேசும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வந்து என் குரலைத் தாழ்த்திவிடும்.

2020 பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, என் மகள் பெரியவளானாள். நான் அப்போது பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வேலையில் இருந்தேன். போனில் "அம்மா, பெரியம்மா கூடத்தான் இருக்கா, நீ அவசரப்பட்டு வர வேண்டாம்" என்றாள். அந்தப் 'பெரியம்மா' பீடி சுற்றும் அக்கா. மறுநாள் காலை நான் வந்து சேர்ந்தபோது மகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உறவினர்கள் சிரிக்கவில்லை. "தாய் பக்கத்துல இருக்க வேண்டிய நேரம்" என்று ஒருவர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் குனிவைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். மகளின் அந்த நாளில் உடன் இல்லாமல் போனது எனக்கு வருத்தம். இன்றும் வருத்தம். ஒன்றை நேசித்து, அதன் அருகில் இருக்க முடியாமல் போனால் வருகிற வருத்தம் அது, நேசத்தின் மறுபக்கம். அது போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலை குனிந்தது வருத்தத்தால் அல்ல, குற்றவுணர்ச்சியால். குற்றவுணர்ச்சிக்கு ஒரு குற்றம் வேண்டும். நான் செய்த குற்றம் என்ன?

கடையநல்லூரில் வளைகுடாவுக்குப் போன ஆண்கள் உள்ள வீடுகள் எத்தனையோ. பிள்ளை பிறந்ததைப் போனில் கேட்டவர்களும், தகப்பன் மய்யித்துக்கு வந்துசேர முடியாதவர்களும் அங்கே உண்டு. அவர்களுக்காக ஊர் உச்சுக்கொட்டும், கேள்வி கேட்காது. அவர்கள் குடும்பத்துக்காகப் போனவர்கள். நான் குடும்பத்தை விட்டுப் போனவள். தூரமும் சம்பளமும் அழுகையும் ஒன்றாக இருந்தாலும் குற்றம் மட்டும் ஒருவர் கணக்கில் எழுதப்படுகிறது. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி குறிசொல்லப் போய்ப் பரிசும் நகையுமாக வருகிறாள். தேடி அலைந்த சிங்கனுக்கு அவளைக் கண்டதும் முதலில் வருவது கேள்விகள்தான்: சொல்லாமல் எங்கே போனாய், காலில் கிடப்பது என்ன? எல்லாம் உழைத்துப் பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் அதை நகைச்சுவையாகவே படித்து வந்திருக்கிறோம்.

ஆண்களுக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அதே மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கத்து ஆசிரியர் ஒருவர், ஒற்றை அறையில் இருந்தார். சனிக்கிழமை ஊருக்குப் போக முடியாத வாரங்களில் குடித்துவிட்டுப் படுத்திருப்பார். பிள்ளைகள் நினைப்பு வந்ததா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார். எனக்கு வருத்தப்பட அனுமதி இருந்தது. கூடவே குற்றமும் சுமத்தப்பட்டது. அவர்மேல் குற்றம் இல்லை; வருத்தப்பட அனுமதியும் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே ஏற்பாடு.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? இடமாறுதல் வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஷில்பி போஸ் எதிர் பீகார் அரசு வழக்கு, எங்களைப் போன்ற ஆசிரியைகளைப் பற்றியதுதான். கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு மாறுதல் கேட்டுப் பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் ஒருபக்கம்; அதனால் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் மறுபக்கம். உயர் நீதிமன்றம் ரத்துசெய்த மாறுதல்களை உச்ச நீதிமன்றம் மீட்டது. மாற்றத்தக்க பணியில் இருப்பவருக்கு ஒரே இடத்தில் இருக்க உரிமை இல்லை என்றது. 1992இல் வங்கி அதிகாரி ஒருவரின் வழக்கில், நாடு முழுதும் மாற்றத்தக்க வேலைக்கு வரும் தம்பதிகள் வேலையா குடும்ப வாழ்க்கையா என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் சொன்னது. 'பெண்' என்ற சொல் அங்கே வர வேண்டிய தேவையே இல்லை. யார் எதைத் தெரிந்தெடுப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். முப்பது ஆண்டு கழித்து, 2022இல் நௌசாத் ரஹமான் வழக்கில் குரல் மாறியது. மாறுதலைக் கட்டுப்படுத்திய சுற்றறிக்கையை நீதிமன்றம் ரத்துசெய்யவில்லை. ஆனால் குடும்ப வாழ்க்கை மனித கண்ணியத்தின் பகுதி, கொள்கை வகுக்கும்போது அரசு அதைக் கணக்கில் எடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே விதி என்பது பெண்கள்மேல் கூடுதல் சுமையாக இறங்கும் என்பதை ஏற்றது.

இருந்தாலும் ஷில்பி போஸ் வழக்கின் அந்த மறுபக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒருத்தி வீடு திரும்பினால் இன்னொருவர் வீட்டைவிட்டுப் போகிறார். 2022 தொடக்கத்தில் நடந்த கலந்தாய்வில் எனக்குத் தென்காசி மாவட்டத்திலேயே, வீட்டிலிருந்து பஸ்ஸில் 40 நிமிடத் தூரத்தில் இடம் கிடைத்தது. சொந்த வேண்டுகோள் என்பதால் பயணப்படி கிடையாது. சாமான் ஏற்றிய லாரிக்கு நானே வாடகை கொடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், நான் அந்தப் பள்ளியைத் தேர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வடக்கே நான் விட்டு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த தலைமையாசிரியர் எப்போது வருவார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுப் பக்கத்திலேயே இருப்போம் என்றால் அந்தக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது யார்? மாறுதலில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நம் வலியை மட்டும் பேசினால் நாம் பேசுவது சலுகைதான், நீதி அல்ல.

அதனால்தான் 'பெண்களுக்கு மட்டும் விலக்கு' என்ற கோரிக்கையில் எனக்குத் தயக்கம். 2023 டிசம்பரில் அரசாணை 243, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. சங்கங்கள் போராடின. தொலைவில் இடம் வந்தால் பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வையே விட்டுவிடுவார்கள் என்பது ஒரு முக்கிய வாதம். வாதம் உண்மை, என் கதையே சாட்சி. ஆனால் விட்டுவிடுவார்கள் என்பதை மழை பெய்யும் என்பதுபோல ஏன் சொல்கிறோம்? கேட்க வேண்டியவை வேறு. எத்தனை ஆண்டில் திரும்பலாம் என்று போகும்போதே உறுதி. பள்ளிக்கு அருகில் குடியிருப்பு. பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருந்தால், ஆண் பெண் யாராயினும் அந்தப் பொறுப்புக்கு முன்னுரிமை. இவை அரசிடம். வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'நாம் எப்படிச் சமாளிப்பது?'

திரும்பி வந்த அதே ஆண்டில், என் பள்ளியின் ஆசிரியை ஒருவர் உரிமைவிடல் கடிதத்தோடு வந்தார். நான் ஒப்பமிட்டு மேலே அனுப்ப வேண்டும். 'என் சொந்தக் காரணங்களுக்காக' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அனுப்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. "உண்மையான காரணத்தை எழுதிப் பாருங்களேன்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து வேறு தாளில் எழுதினார்: 'மாமியாருக்குப் பக்கவாதம். அவரை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டுள்ளது.' எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார்.

"யார் முடிவு பண்ணாங்கன்னும் எழுதணுமா டீச்சர்?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் உரிமைவிடல் கடிதத்தைத்தான் கொண்டுவந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது. கடிதத்தில் 'சொந்த' என்ற சொல்லை அடித்திருந்தார். வெறும் 'காரணங்களுக்காக' என்று இருந்தது. அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு அப்படியே அனுப்பினேன்.