முதலில் பால்

விஜயதசமியை ஒட்டி சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் நடந்த ஒரு கலைவிழாவில் என் பேத்தி தேவாரம் பாடினாள். வயது ஐந்து. பிள்ளைகளை நாலு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். ஊரில் மாரி தொடங்குகிற நேரத்து நவராத்திரி இங்கே வசந்தத்தில் வருகிறது. அக்டோபரில் மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவதால் ஆறரைக்கும் வெளிச்சம். அவளுக்கு நேரம் தெரியவில்லை, பசி தெரிந்தது. பட்டுப்பாவாடையில் சிந்திவிடுவாள் என்று மகள் ஒன்றும் கொடுக்கவில்லை. வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து அவள் மேடை ஏற ஏழே முக்கால். இரண்டாம் வரியில் சொல் மறந்து நின்றாள். சபை கைதட்டியது.

காரில் ஏறியதும் கேட்டாள்: "அம்மம்மா, நான் பிழை விட்டது சாமிக்குக் கேட்டதோ?"

கைப்பையில் இருந்த கடலை வடையை எடுத்துக் கொடுத்தேன். பதிலை யோசிக்க எனக்கும் நேரம் வேண்டியிருந்தது.

பொருள் விளங்காமல் பிள்ளை பாடுவது பக்தியா, பெற்றோரின் பெருமையா என்று எங்கள் ஆட்கள் வாதாடுவார்கள். பொருள் விளங்கிப் பாடுகிற பெரியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை! எனக்குச் சம்பந்தர்தான் நினைவுக்கு வந்தார். சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை முதலில் கொடுத்தது பால். பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. யார் தந்த பால் என்று கோலெடுத்து வெருட்டியவர் தகப்பன். பெற்றவர்களின் பதற்றம் அன்றைக்கும் இருந்திருக்கிறது. பிறகு திருக்கோலக்காவில் பிள்ளை கையால் தாளம் போட்டுப் பாட, அந்தச் சின்னக் கை நோகுமே என்று சிவன் பொற்றாளம் கொடுத்தார். பொன்னில் நாதம் எழாது என்று அம்மை அதற்கு ஓசை கொடுத்தாளாம். அந்தக் கோயிலில் அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி.

இந்தக் கதையில் பாட்டுக்குப் புள்ளி போட்டவர் யாரும் இல்லை. வயிற்றைப் பார்த்திருக்கிறார்கள், உள்ளங்கையைப் பார்த்திருக்கிறார்கள். பசித்த பிள்ளையின் பாட்டை அந்த அம்மைக்கு எந்த முகத்தோடு படைப்பது?

"கேட்டிருக்கும். நீ சாப்பிடாததும் தெரிஞ்சிருக்கும்" என்றேன். வடையில் பாதி பாவாடையில் கிடந்தது.

விழாக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளை முதலில் மேடை ஏற்றுங்கள். பிரதம விருந்தினர் பொறுப்பார். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.