அசையாத பாதரசம்

மாணவர்களுக்குக் கொதிநிலைச் சோதனை காட்டும்போதெல்லாம் எனக்கு ஆணவ மலத்தின், அதாவது உயிரோடு ஒட்டியிருக்கும் 'நான்' என்ற அழுக்கின், நினைப்பு வந்துவிடும். மீஞ்சூரில் பிறந்து, அப்பாவிடம் சைவ சித்தாந்தம் கேட்டு, பிறகு கல்லூரியில் வேதியியல் நடத்தப் போனவள் நான்.

1886-இல் சிவோலோபாஃப் எழுதிய முறைதான் இன்றும் எங்கள் ஆய்வகத்தில். சின்னக் கண்ணாடிக் குழாயில் சில சொட்டுத் திரவம். அதற்குள் மேல்முனை உருக்கி அடைத்த நுண்குழாய், திறந்த வாய் கீழே பார்க்க. வெப்பமானியோடு நூலால் கட்டி, பாரஃபின் எண்ணெயில் இறக்கிச் சூடாக்குவோம். ஒன்றிரண்டாக வந்த குமிழி விடாமல் வரிசையாக வரத் தொடங்கியதும் சுடரை எடுத்துவிட வேண்டும். குமிழி ஓய்ந்து, திரவம் நுண்குழாய்க்குள் ஏறும் நொடியில் பாதரசம் காட்டுவது கொதிநிலை. பக்கத்தில் காற்றழுத்தத்தையும் எழுதச் சொல்வேன். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறதே.

காய்ச்சி வடிக்கும்போது இன்னொன்று தெரியும். கலவை என்றால் வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். தூய பொருள் என்றால் ஒரே இடத்தில் நிற்கும். இதைச் சொன்னபோது பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி, "அப்போ அசையாம நின்னா சுத்தம்னு எழுதிடலாமா மேடம்?" என்றாள்.

எழுதக் கூடாது. தூய எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கிறது. எடையில் நூற்றுக்கு நாலரைப் பங்கு போலத் தண்ணீர் கலந்த எத்தனால் 78.2-இல் கொதிக்கிறது, அதுவும் அசையாமல். எத்தனை முறை வடித்தாலும் அந்தத் தண்ணீர் கூடவே ஆவியாகிக் கூடவே இறங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் இந்தக் குணம் உண்டு. 1860 வாக்கில் மான்செஸ்டரில் ராஸ்கோ அழுத்தத்தை மாற்றி அதைக் காய்ச்சிப் பார்த்தார். விகிதம் மாறியது. ஒரே சேர்மமாக இருந்தால் மாறியிருக்காது.

சித்தாந்தம் ஆணவத்தைச் சகசமலம் என்பது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அநாதியாக உடன் இருப்பதால் அது உயிரின் சொந்தக் குணம் போலவே தோன்றுகிறது. பல வருஷம் விரதம் இருந்து, குரல் உயர்த்தாமல் வாழ்கிறவரைப் பக்குவப்பட்டவர் என்கிறோம். அவருடைய அமைதியோடு 'நான் அமைதியானவன்' என்பதும் சேர்ந்தே இறங்குகிறதா என்று யார் பார்த்தது? சொத்துப் பாகப்பிரிவினை வரட்டும், பெற்ற பிள்ளை எதிர்த்துப் பேசட்டும். அழுத்தம் மாறினால் விகிதம் வெளியே வரும்.

விரதத்தையும் தவத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. காய்ச்சி வடிக்காமல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தொடவே முடியாது. அதற்குமேல் சூடு உதவாது. வேறொன்று வந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் அது சுட்ட சுண்ணாம்பு. பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கிடைப்பதும் அதே கால்சியம் ஆக்சைடுதான். அதோடு சேர்த்துக் கொதிக்கவைத்து வடித்தால் தண்ணீர் நீங்கிய எத்தனால் இறங்கும். செம்பின் களிம்பு போக இரசகுளிகை வேண்டும் என்று சித்தாந்திகள் சொன்னதன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்கியது. உயிர் தன் முயற்சியால் மட்டும் மலம் நீங்காது. திருவருள் பதிய வேண்டும். ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. சுண்ணாம்பு தண்ணீரை வாங்கி நீறிப்போகிறது; சிவத்துக்கு அப்படி விகாரம் இல்லை.

தண்ணீர் நீங்கிய எத்தனாலைத் திறந்து வைத்தால் எங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். முத்தியில் ஆணவம் இல்லாமல் போய்விடுவதாகச் சித்தாந்தமும் சொல்வதில்லை. அதன் சத்தி மடங்கிக் கிடக்கிறது, அவ்வளவே. இது விளங்காத நாளில், 'ஞானம் வந்தவருக்குக் கோயில் எதற்கு?' என்று ஏகாம்பரநாதர் சந்நிதியில் வைத்தே அப்பாவைக் கேட்டிருக்கிறேன். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தைப் பார் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நூலை அந்தச் சூத்திரத்தோடுதான் முடிக்கிறார். அடியாரோடு கூடியிரு, அவர்கள் வேடத்தையும் கோயிலையும் சிவமாகவே தொழு என்று அதில் அவர் சொல்வது மலம் கழுவப்பெற்றவருக்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அல்ல.