பறப்பதற்கென்று சேர்த்த கொழுப்பு

பால்கனியில் உரத்தொட்டி வைத்த மூன்றாவது வாரம் உள்ளே புழுக்கள் நெளிந்தன. "ஐய, இதைக் கொண்டுபோய்க் கீழ கொட்டுடா" என்றாள் அம்மா. தேடிப் பார்த்தேன். பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழுக்கள். காய்கறிக் கழிவைத் தின்றே தீர்ப்பவை. இவற்றின் கொழுப்பிலிருந்து பயோடீசல் எடுக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வேதியியல் எளிது. உலர்ந்த புழுவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதைப் பிரித்து, மெத்தனாலும் வினையூக்கியும் சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசல். குப்பைமேட்டில் அழுகி மீத்தேனாகப் போயிருக்க வேண்டியது வண்டி ஓட்டுகிறது. எஞ்சினியர் மூளைக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

கணக்குப் போட்ட பிறகுதான் உறுத்தியது. வளர்ந்த புழு சுமார் 0.2 கிராம், அதில் பாதிக்குமேல் தண்ணீர். ஒரு லிட்டருக்குத் தோராயமாக 40,000 புழுக்கள். கார் அதில் 15, 20 கிலோமீட்டர் போகும்.

புழுவுக்கு வலிக்குமா? பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் நண்டையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ளவை என்று ஏற்றது, பூச்சிகளைச் சேர்க்கவில்லை. சட்டம் நின்ற இடத்தில் வலியும் நின்றுவிடுமா என்ன? "நாம வளர்க்கலன்னா அது பிறந்தே இருக்காதே" என்றான் நண்பன். பிராய்லர் கோழிக்கும் இதையேதான் சொல்கிறோம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொன்று. தின்று முடித்த புழு கருத்து, ஈரத்தை விட்டு, கூட்டுப்புழுவாக உலர்ந்த மறைவிடம் தேடி ஊர்ந்து வெளியேறும். அந்தச் சுபாவத்தை நம்பியே தொட்டியில் சாய்தளம் வைக்கிறார்கள். புழு தானே ஏறிப்போய் வாளியில் விழும். இதற்கு 'செல்ஃப் ஹார்வெஸ்டிங்' என்று பெயர். தன்னைத்தானே அறுவடை செய்துகொள்கிறதாம்! ஆட்குறைப்பு செய்துவிட்டு 'விடுவித்தோம்' என்று மெயில் அனுப்பும் துறையில் இருப்பவன் நான். இந்த மொழி எனக்குப் பழக்கம்தான்.

ஈயான பின் அது வாழ்வது சில நாட்கள். பெரும்பாலும் புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் அந்த நாட்களை ஓட்டுகிறது. ஆக, நாம் எடுப்பது அது பறக்கவும் இணை தேடவும் வைத்திருந்த எரிபொருள்.

அதற்காக இந்த ஆலைகளே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குப்பை நம்முடையது. ஆனால் கொதிநீரில் சட்டென்று கொல்வதா, மெல்ல உறையவிடுவதா என்பதைச் செலவுக் கணக்கு மட்டும் முடிவுசெய்யக் கூடாது. கொல்வதைக் கொல்வது என்றே சொல்லவும் வேண்டும்.

நேற்றிரவு ஒன்று விளிம்பேறித் தரையில் விழுந்து, துளசிச்செடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

"விடும்மா, நாளைக்குப் பறந்துடும்" என்றேன்.

நாளைக்கு இல்லை. இரண்டு வாரமாவது ஆகும்.